நியாயம் கேட்கப் போன பிரயாணம்

சுவாமி தரிசனத்துக்காகவும், கல்யாணம் கார்த்திகைக்காகவும், உத்தியோக நிமித்தமாகவும், ஒன்றுமில்லாவிட்டால் வெறுமனே ஊர் பார்ப்பதற்காகவும் மனிதர்கள் செய்யும் பிரயாணங்களைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன்; கொடுத்த பணத்துக்கு நியாயம் கேட்பதற்காக ஒருவன் செய்யும் பிரயாணத்தைப் பற்றிய எழுத்து என் கண்ணில் அதிகம் பட்டதில்லை. ஏமாந்தவன் தன் ஊரிலேயே அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கப்படுகிறான். அப்படியிருக்க, வண்டி ஏறி வேற்றூருக்குப் போய், முன்பின் பழக்கமில்லாதவர்கள் மத்தியில் உட்கார்ந்து அதைச் சொல்லி வழக்காடுவது அவனுக்கு மலைப்பாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. பழைய யந்திரங்களை வாங்கி விற்கிறவர்களில் யோக்கியர்கள் பலர் உண்டு. யோக்கியர் அல்லாதவர்களுடைய பிழைப்பு முழுவதும் இந்த வெட்கத்தை நம்பித்தான் நடக்கிறது.

என் மைத்துனன் மன்னார்குடிப் பக்கத்தில் விவசாயம் செய்கிறவன். சொந்த நிலம் கொஞ்சம், குத்தகை நிலம் கொஞ்சம். அவற்றை உழுதது போக மிச்ச நேரத்துக்கு அக்கம்பக்கத்து வயல்களில் வாடகைக்கு உழுது கொடுத்தால் குடும்பம் நிமிர்ந்துவிடும் என்பது அவன் கணக்கு. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது முதல் எங்கள் டெல்டாவில் காலண்டருக்கே ஒரு தனிக் கணக்கு ஏற்பட்டிருக்கிறது. ஜூன் 12 அன்று தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்பதைச் சுற்றியே விதை, கடன், கல்யாணம் எல்லாம் நிச்சயமாகின்றன. நான் சொல்லும் வருஷம் திறப்பார்கள் என்ற நம்பிக்கை பலமாக இருந்தபடியால், குறுவை உழவுக்கு முன்னால் எப்படியாவது ஒரு டிராக்டர் வாங்கிவிட வேண்டும் என்று துடித்தான். அவனுக்கு வேண்டிய சக்தியுள்ள வண்டி புதிதாக வாங்கினால் ஏழு லட்ச ரூபாயைத் தொடும். அவன் கையிலிருந்ததும் நகையை வைத்துப் புரட்டியதும் சேர்ந்து நாலு லட்சத்துக்குள் அடங்கின. அதனால், நாமக்கல் பக்கத்தில் ஒருவரிடம் நல்ல வண்டி இருக்கிறது என்று ஒரு தரகர் சொன்னபோது, போய்ப் பார்த்து, சிறிது தூரம் ஓட்டியும் பார்த்து, 3,85,000 ரூபாய்க்குக் கிரயம் பேசி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான்.

வந்து இறங்கிய அன்று வண்டி மணப்பெண் மாதிரி இருந்தது. வர்ணம் புதிது, டயர்களுக்குக்கூடக் கறுப்பு மெருகு பூசியிருந்தார்கள். ஹவர் மீட்டர் 2,140 மணி நேரம் ஓடியிருப்பதாகக் காட்டியது. பதிவுப் புத்தகத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் எச்.பி. என்கிற கடன் குறிப்பு இருந்தது உண்மைதான், ஆனால் அந்தக் கடன் எப்போதோ கட்டி முடிந்துவிட்டது, என்.ஓ.சி. என்கிற தடையில்லாச் சான்று ஒரு வாரத்தில் கைக்கு வரும் என்று விற்றவர் வாட்ஸ்அப்பில் எழுதியே அனுப்பியிருந்தார். கேஜ் வீல் மாட்டிச் சேற்றில் இறக்கி ஒரு பொழுது உழுத பிறகுதான் வண்டியின் சுயரூபம் தெரிந்தது. எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் நீலப் புகை கிளம்பிற்று. பிரீதர் குழாயிலிருந்து ஆவி குபுகுபுவென்று அடித்தது. மாலைக்குள் அளவுகோல் குச்சியில் எண்ணெய் பாதியாக இறங்கிவிட்டது. என்.ஓ.சி. வந்தபாடில்லை. அதற்குப் பதிலாக, தவணை பாக்கியிருக்கிறது, வண்டியை எடுத்துச் செல்ல நேரிடும் என்று நிதி நிறுவனத்திலிருந்து ஓர் ஆள் பேசினான்.

அப்போதுதான் மைத்துனன் என்னிடம் வந்தான். "நீங்க ஒரு தடவை கூட வாங்க அத்தான். நான் போனா கோபத்துல ஏதாவது பேசிடுவேன்" என்றான். நான் சம்மதித்தேன், ஆனால் ஒரு நிபந்தனையின்பேரில்: வண்டியைப் பிரித்துப் பார்த்த மேஸ்திரியும் எங்களுடன் வர வேண்டும்.

மேஸ்திரி அறுபதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். பிரயாணத்துக்கு அவர் கொண்டுவந்த மூட்டையில் மாற்று வேட்டி இல்லை. துணியில் சுற்றிய கண்ணாடிப் பாட்டில் ஒன்றும், நாலைந்து போட்டோப் படங்களும், பள்ளிக்கூட நோட்டிலிருந்து கிழித்த தாளில் அவர் தம் கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட ஓர் அறிக்கையுமே இருந்தன.

விடியுமுன் மன்னார்குடியை விட்டுக் காரில் கிளம்பினோம். வடுவூர் ஏரியில் அந்தக் கோடையிலும் சிறிது தண்ணீர் மினுங்கிற்று. தஞ்சாவூர் தாண்டி, செங்கிப்பட்டி மேட்டில் ஏறியதும் டெல்டா முடிந்து செம்மண் தொடங்குகிறது. திருச்சிக்குள் நுழைந்து, காவிரிப் பாலத்தையும் கொள்ளிடப் பாலத்தையும் கடந்து, நம்பர் ஒன் டோல்கேட்டில் இடப்புறம் திரும்பிவிட்டால் அப்புறம் நெடுந்தூரத்துக்கு நதிதான் வழித்துணை. காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்புக்கு மேற்கே அதன் அகலத்தைப் பார்க்காதவர்களுக்கு அதற்கு அகண்ட காவிரி என்று ஏன் பெயர் வந்தது என்பது விளங்காது. எங்கள் ஊர்ப் பக்கம் வாய்க்காலாகவும் கன்னியாகவும் பிரிந்து பிரிந்து, கடைசியில் ஒரு சிறுவன் தாண்டிக் குதிக்கும் அளவுக்குச் சுருங்கிப்போகிற அந்த நதி, முசிறிக்கும் குளித்தலைக்கும் நடுவே அக்கரையிலுள்ள மனிதர்கள் புள்ளிகளாகத் தெரியும்படி மணலும் நீரோடையுமாகப் பரந்து கிடக்கிறது.

முசிறியில் காபிக்காக இறங்கியபோது, விற்றவர் செய்த வேலை இன்னதென்று விளக்கமாகச் சொல்லும்படி மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் துணியைப் பிரித்துப் பாட்டிலை எடுத்தார். அது வண்டியின் எஞ்சினிலிருந்து வடித்த எண்ணெய். பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார். உள்ளே இருந்த காற்றுக்குமிழ் மேலே எழும்ப மனமில்லாமல் நின்று, நின்று, பிறகு மெதுவாக நகர்ந்தது. டீசல் எஞ்சினில் சாதாரணமாக ஊற்றுவது இருபதுக்கு நாற்பது என்று சொல்கிற எண்ணெய். இதிலோ கியர் பெட்டிக்கு ஊற்றுகிற கெட்டி எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள். பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துபோன எஞ்சினில் எண்ணெய் மேலே ஏறி எரிந்து நீலப் புகையாக வெளிவரும். கெட்டி எண்ணெயை ஊற்றிவிட்டால், எஞ்சின் ஆறியிருக்கும் வரையில், அது தேய்ந்த இடைவெளிகளை அடைத்துக்கொண்டு நிற்கும், சத்தம் குறையும், புகை தெரியாது. வாங்க வந்தவர் ஓட்டிப் பார்க்கிற கால் மணி நேரத்துக்கு அது போதும்.

"மீட்டர்?" என்று கேட்டேன்.

மேஸ்திரி ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். பானெட்டின் உட்புறம் அது. வெளியே பளபளவென்று வர்ணம் அடித்தவர்கள் உள்ளே அடிக்கவில்லை. அங்கே முன்னொரு டிரைவர், எண்ணெய் மாற்றிய கணக்கைக் கறுப்பு மார்க்கரால் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவைத்திருந்தான். கடைசி வரி 5,310 என்று இருந்தது. மீட்டரைக் கழற்றி வேறொன்று மாட்டியவர்களுக்கு அந்த நல்ல டிரைவருடைய கையெழுத்து ஞாபகம் வரவில்லை. "மீட்டர் பொய் சொல்லும், பெடல் சொல்லாது" என்றார் மேஸ்திரி. கிளட்ச் பெடலின் வரிகள் வழவழவென்று தேய்ந்து இரும்பு தெரிவதை மற்றொரு படம் காட்டிற்று. வாடகைக்கு ஓடும் வண்டி ஆண்டுக்கு 500, 600 மணி நேரம் ஓடுவது சகஜம். பத்து வருஷத்து வண்டி 2,140 மணிதான் ஓடியிருக்கிறது என்றால் அதை வைத்திருந்தவர் கொட்டகையில் பூட்டிவைத்துப் பூஜை செய்திருக்க வேண்டும்.

தொட்டியம் வரையில் வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் கோரை வயல்களுமாகப் பசுமை கூடவே வந்தது. அதற்கப்புறம் சாலை நதியை விட்டு விலகுகிறது. பூமி வறண்டு, கோழிப்பண்ணைகளின் நீளமான கொட்டகைகள் வரிசை வரிசையாகத் தோன்றி, லாரிகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளில் வெல்டிங் வெளிச்சம் பளிச்சிடத் தொடங்கினால் நாமக்கல் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். ஒரே கல்லாக ஊர் நடுவில் எழுந்து நிற்கும் மலையையும் அதன் உச்சிக் கோட்டையையும் பார்த்தபடி, வெட்டவெளியில் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயருக்குத் தூரத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சிநேகிதர் ஒருவர் சொல்லியனுப்பியிருந்த வழக்கறிஞரின் வீட்டுக்குப் போனோம்.

மைத்துனன் தன் குறைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்திருந்தான். பின் டயர் தேய்மானம், ஹைட்ராலிக் மெதுவாக ஏறுவது, ஸ்டியரிங்கில் ஆட்டம், பின் அச்சில் எண்ணெய்க் கசிவு, டைனமோ, ஸீட் கிழிசல், எஞ்சின் புகை, மீட்டர், கடன் பாக்கி என்று பக்கம் நிறைந்திருந்தது. வழக்கறிஞர் அதை நிதானமாகப் படித்துவிட்டு, பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடிக்க ஆரம்பித்தார். டயர் போயிற்று, ஹைட்ராலிக் போயிற்று, ஸ்டியரிங், கசிவு, டைனமோ, ஸீட் எல்லாம் போயின. மைத்துனன் முகம் சுருங்கிற்று.

"இதெல்லாம் பழசோட சுபாவம். பழைய வண்டின்னு தெரிஞ்சு, பழைய வண்டிக்கு உண்டான விலை கொடுத்து, கண்ணால பார்த்து வாங்கியிருக்கீங்க. இதைக் கேட்டா, பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்னு அவர் ஒரே வார்த்தையிலே எல்லாத்தையும் சேர்த்து அடிச்சிடுவார். மிச்சம் மூணு இருக்கு பாருங்க. கெட்டி எண்ணெய், மீட்டர், கடன். இது மூணும் பழுது இல்லை, மறைச்சது. இது மூணைத் தவிர நாலாவதா ஒண்ணு பேசாதீங்க" என்றார்.

வியவகாரத்தின் சாரம் முழுவதும் அந்தப் பென்சில் கோடுகளில் இருந்தது என்பதைப் பின்னால் உணர்ந்தேன். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் பதினேழாவது பிரிவில் வஞ்சனைக்கு இலக்கணம் சொல்லும்போது இந்த வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. விஷயம் தெரிந்தவன் பேசாமல் இருந்துவிட்டால் அது மட்டும் பொதுவாக வஞ்சனை ஆகாது. தெரிந்த ஒன்றை முனைந்து மறைத்தால் அது வஞ்சனை. வஞ்சனையால் பெற்ற சம்மதம், ஏமாந்தவன் விரும்பினால் செல்லாததாகிவிடும். அவன் பொருளைத் திருப்பித்தான் கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. சொன்னதெல்லாம் உண்மையாக இருந்தால் தான் எந்த நிலைமையில் இருந்திருப்பானோ அந்த நிலைமையில் தன்னை வைக்கும்படி கேட்கவும் பத்தொன்பதாவது பிரிவு அவனுக்கு உரிமை தருகிறது. கடன் விஷயத்துக்கு 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம் இருக்கிறது: வாங்குகிறவனுக்கு அறிவிக்காத பாரம் எதுவும் பொருளின்மேல் இல்லை என்ற உறுதி, வேறு விதமாகப் பேசிக்கொண்டிருந்தாலொழிய, ஒவ்வொரு விற்பனையிலும் சொல்லாமலே அடங்கியிருக்கிறது. நிதி கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் வண்டியின் பெயர் மாறாது. இருபத்தொன்பதாம் படிவத்திலும் முப்பதாம் படிவத்திலும் எத்தனை கையெழுத்துப் போட்டாலும், கடன் தீர்ந்ததற்கு அடையாளமான முப்பத்தைந்தாம் படிவம் கூட இல்லாவிட்டால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் காரியம் நடக்காது.

வழக்கறிஞர் கடைசியாக ஒரு நோட்டீஸைத் தயார் செய்து கையெழுத்திட்டு எங்களிடமே கொடுத்தார். "தபாலில் சேர்க்காதீங்க. மேஜைமேல வையுங்க. மனுஷன் படிச்சா போதும்."

விற்றவருடைய இடம் ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கொட்டகையின்கீழ் பத்துப் பன்னிரண்டு டிராக்டர்கள் குளித்து முழுகி வரிசையாக நின்றன. அவர் எங்களைக் கண்டதும் முகம் கோணாமல் எழுந்து வந்தார். "வாங்கண்ணா, வாங்க தம்பி. இத்தனை தூரம் வந்திருக்கீங்க, ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதுங்களா?" என்று சொல்லி நாற்காலிகளைத் துடைத்துப் போட்டு, டீ சொல்லியனுப்பினார். மைத்துனன் பேசிய பல போன்களை அவர் எடுக்காதிருந்ததை நான் ஞாபகப்படுத்தவில்லை. அவருடைய உபசாரம் வேஷம் என்று சொல்லிவிட முடியாது. கொங்கு நாட்டு மரியாதை அது, வியாபாரத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் டீயைக் குடித்து முடிப்பதற்குள் பத்தில் எட்டுப் பேருக்குத் தாட்சண்யம் வந்துவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

எதிர்பார்த்த வரிசையிலேயே அவருடைய நியாயங்கள் வந்தன. பழைய வண்டி என்றால் நாலு சத்தம் கேட்கத்தானுங்க செய்யும். நீங்களே ஓட்டிப் பார்த்துத்தானுங்களே எடுத்தீங்க. நானும் ஒரு விவசாயிகிட்ட இப்படியேதானுங்க வாங்கினேன். அதற்கும் பிறகு, குரலைத் தாழ்த்தி, உபகாரம் செய்பவரைப்போல ஒரு யோசனை சொன்னார்: "அதைக் கொண்டாந்து விட்டுட்டு, இதுல எது பிடிக்குதோ அதை எடுத்துக்குங்க. மேலே ஒரு அம்பதாயிரம் மட்டும் போட்டுக் குடுங்க, போதும்." மைத்துனனுடைய கண்கள் ஒரு கணம் அந்த வரிசையை நோக்கித் திரும்பியதை நான் பார்த்தேன். முதல் ஏமாற்றத்தில் மனம் சோர்ந்தவனுக்கு இரண்டாவது ஏமாற்றம் நிவாரணமாகத் தோன்றும். ஒரு மறைப்புக்குப் பதிலாக மற்றொரு மறைப்பைப் பெற்றுக்கொண்டு, அதற்காக ஐம்பதினாயிரம் மேற்கொண்டு கொடுத்துவிட்டு, நன்றி சொல்லித் திரும்பியவர்களும் இருப்பார்கள்.

"வண்டியைப் பத்தி நாங்க ஒரு குறையும் சொல்லலீங்க" என்றேன். அவர் திடுக்கிட்டார், அத்தகைய ஆரம்பத்தை அவர் எதிர்பார்க்கவில்லை. அப்போது மேஸ்திரி, வரும் வழியில் கடையில் வாங்கியிருந்த புது எண்ணெய் டப்பாவிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றினார்; பக்கத்தில் இன்னொரு குவளையில் பாட்டிலிலிருந்ததை ஊற்றினார்; இரண்டையும் ஒன்றாகச் சாய்த்தார். ஒன்று ஓடிற்று, மற்றொன்று யோசித்தது. பேச்சில்லாமல் பானெட்டின் படத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். நான் வாட்ஸ்அப் செய்தியின் நகலையும், அதே வண்டியின் எண்ணைப் பரிவாஹன் செயலியில் போட்டுப் பார்த்தால் நிதி நிறுவனத்தின் பெயர் இன்றும் நிற்பதையும் காட்டினேன். கடைசியில் நோட்டீஸை வைத்தேன்.

அவர் அதை இரண்டு முறை படித்தார். வாடிக்கையாக வண்டி வாங்கி விற்கிறவர் வியாபாரி. ஜீவனத்துக்காகத் தானே ஓட்டப் பொருள் வாங்குகிறவன் நுகர்வோன். 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அவன் தான் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே மனுப் போடலாம் என்று அதில் எழுதியிருந்தது. ஐந்து லட்சம் வரையில் கொடுத்து வாங்கிய பொருளுக்கு மனுக் கட்டணமும் கிடையாது. எங்கள் மாவட்டத் தலைநகரம் திருவாரூர். நாமக்கல்லிலிருந்து அது ஏறக்குறைய 200 கிலோமீட்டர். காலையில் நாங்கள் கடந்து வந்த அந்த நீண்ட பாதையை, வாய்தாவுக்கு வாய்தா, இனி அவர் எதிர்த் திசையில் கடக்க வேண்டும் என்பதை அவர் மனசில் கணக்குப் போட்டுப் பார்ப்பது முகத்திலேயே தெரிந்தது. சட்டத்தின் பிரிவுகளைக் காட்டிலும் அந்தத் தூரந்தான் அவரை அதிகம் அசைத்தது என்று நினைக்கிறேன்.

அதற்குமேல் நடந்தது பேரம். மேஸ்திரி எஞ்சின் வேலைக்கு 70,000 ரூபாய் ஆகும் என்று எழுதியிருந்தார்; விற்றவர் முப்பதில் ஆரம்பித்து 55,000-இல் வந்து நின்றார். கடன் பாக்கி 82,000 ரூபாயில் அவர் ஒரு பைசாக்கூடக் குறைத்துப் பேசவில்லை, பேசவும் முடியாது. ரொக்கமாகத் தருகிறேன் என்றதை நாங்கள் ஒப்பவில்லை. அன்று மத்தியானமே எல்லோருமாக நிதி நிறுவனத்துக்குப் போய், அவர் கணக்கிலிருந்து எங்கள் கண்ணெதிரே பாக்கியைக் கட்டவைத்து, ரசீது வாங்கிக்கொண்டோம். எஞ்சின் பணமும் வங்கி வழியாகவே மைத்துனன் கணக்குக்கு வந்தது. இன்னின்ன காரணத்துக்காக இன்ன தொகை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டார்கள், மேஸ்திரி சாட்சி. என்.ஓ.சி.யும் முப்பத்தைந்தாம் படிவமும் சில நாட்களில் வந்து சேர்ந்தன. எஞ்சின் வேலையில் மிச்சத்தையும் புது டயரையும் மைத்துனன் தன் செலவில் போட்டுக்கொண்டான். அது பழைய வண்டி வாங்கினவன் கொடுக்க வேண்டிய நியாயமான விலைதான்.

அன்று நாங்கள் புறப்படும்போது விற்றவர் கார் வரையில் வந்தார். பகை பாராட்டும் சுபாவம் அவருக்கு இல்லை. "உங்க பக்கம் யாருக்காச்சும் வண்டி வேணும்னா சொல்லியனுப்புங்கண்ணா" என்றார், மனப்பூர்வமாகவே.

விற்றவர் முன்னால் அதுவரை வாய் திறவாதிருந்த மேஸ்திரி அப்போதுதான் பேசினார். "அனுப்பறோங்க. ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். பானெட்டுக்கு உள்பக்கமும் பெயிண்ட் அடிச்சிடாதீங்க. அந்த வண்டியிலே நிஜம் பேசினது அது ஒண்ணுதான்."

விற்றவர் வாய்விட்டுச் சிரித்தார். அது வெட்கத்தில் பிறந்த சிரிப்பா, அல்லது அடுத்த வண்டிக்கு அந்த வேலையையும் சேர்த்துச் செய்துவிட வேண்டும் என்று குறித்துக்கொண்ட சிரிப்பா என்பது எனக்குத் தெரியாது. ஆகையால், பழைய டிராக்டர் வாங்க உத்தேசித்திருப்பவர்கள் பானெட்டின் உட்புறத்தை மட்டும் நம்பியிராமல், எண்ணெயை விரலில் தொட்டுப் பார்த்து, எஞ்சின் நன்றாகச் சூடேறும் வரை ஓட்டிப் பார்த்து, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து, விற்கிறவர் வாயால் சொல்வதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.